தகுதி வழக்கு

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் கல்வி பற்றிப் பேசுக எனச் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். கல்வியின் முதற்பயன் நாநலம் என்பது எமது துணிபு. ஆகலின், மக்கள் தம் அன்றாடப் பேச்சில் வெறுத்து விலக்கும் சொற்கள் யாவை, விலக்கத்தக்கனவாக இருந்தும் விலக்காது வழங்கும் சொற்கள் யாவை என்பது குறித்துச் சில கூற விழைந்தோம். தமிழ் படித்தவன் இலக்கணம் பேசத் தொடங்கினால் அவையோர்க்கு உறக்கம் வரும் என்பதை யாம் அறியாதோம் அல்லோம். இலக்கணத்தைச் சிறிதளவே தொட்டுச் செல்வோம்; பொறுத்தருள்க.

நம் முன்னோர் சொல்வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இருவகைப்படுத்தினர். ஒரு பொருளை அதற்கு அமைந்த சொல்லாலேயே கூறுவது இயல்பு. அச்சொல் இவ்விடத்துக் கூறத் தகாது என நீக்கி, தக்க வேறொரு சொல்லாற் கூறுவது தகுதி. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவருக்கு மிக முற்பட்ட தொல்காப்பியனாரும், அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்தே கூறுக என எச்சவியலில் விதித்தார்.

இம்மூன்றும் ஏட்டிலே கிடப்பன அல்ல. நம் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் நாடோறும் வழங்குவன. 'கால் கழுவி வந்தேன்', 'கொல்லைக்குப் போனேன்' என்கிறோமே, அஃது இடக்கரடக்கல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறி. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும், கருநிற ஆட்டை 'வெள்ளாடு' என்பதும் மங்கலம்.

மங்கல வழக்கின் பெருமையைச் சோழர் கல்வெட்டுக்களிலும் காணலாம். 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமீதிருந்தே உயிர் துறந்தான். அவனைக் கல்வெட்டுக்கள் 'ஆனைமேல் துஞ்சின தேவர்' எனக் குறிக்கின்றன. காஞ்சியிற் பொன்மாளிகையில் இறந்த சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆயினான். மன்னன் மாண்டான் என்று கல்லில் வெட்ட அக்காலத்தார்க்குக் கை எழவில்லை. உறங்கினான் என்றே வெட்டினர்.

மன்னரை விடுத்து நம் மனைக்கு வருவோம். விருந்தினர் விடைபெறுங்கால் 'போகிறேன்' என்னார். 'போய் வருகிறேன்' என்பர். விளக்கை 'அணை' என்று சொல்லப் பாட்டிமார் விடார். 'குளிரவை' என்றோ 'மலையேற்று' என்றோ சொல்லவேண்டும். பானையில் அரிசி தீர்ந்துவிட்டால் 'அரிசி நிறைந்திருக்கிறது' என்பது நல்ல குடும்பத்துப் பெண்டிர் பேச்சு. இரவிற் பாம்பு என்று சொல்லாமற் 'பூச்சி' என்பர். நஞ்சுடைய அரவத்திற்கே 'நல்ல பாம்பு' என்று பெயரிட்டனர். பிள்ளை மருந்தாகிய வசம்பைப் 'பேர் சொல்லா மருந்து' என்பாரும் உளர். வைசூரி கண்டால் நோய் என்னாது 'அம்மை வந்திருக்கிறாள்' என்றனர். அக்கொடிய வைசூரி இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு தீர்ந்தது. உலகத்தினின்றே ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பெற்றது. நோய் போயிற்று, சொல் போகவில்லை. இன்றும் சின்னம்மைக்கு அதனையே வழங்குகிறோம்.

இன்னும் ஒன்று. மணமான பெண்ணின் தாலிச்சரடு தேய்ந்து இற்றுவிட்டால், 'அறுந்தது' என்னும் சொல் எவர் வாயிலும் வாராது. 'தாலி பெருகிற்று' என்பர். இச்சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மீண்டும் இதற்கு வருவோம்.

இவற்றையெல்லாம் உற்றுநோக்கின் ஒன்று புலப்படும். இச்சொற்களை நாம் ஏன் விலக்கினோம்? பெரும்பாலும் அச்சத்தால். பாம்பு வந்துவிடுமோ, விளக்கு அவிந்துவிடுமோ, அரிசி இல்லாமற் போய்விடுமோ என்ற அச்சம். சொல்லுவோன் தனக்குத் தீங்கு வாராமைப்பொருட்டுச் சொல்லை மாற்றினான். அதிற் பிழையில்லை. ஆனால் தகுதி என்னும் அச்சொல் அவ்வளவோடு முடிந்துவிடுகிறதா? கேட்போன் உள்ளம் நோகாமைப்பொருட்டு ஒரு சொல்லை விலக்குதல் அதனினும் பெரிய தகுதி அன்றோ? தனக்கு அஞ்சி விலக்கிய சொற்கள் நூறு. பிறர்க்கு இரங்கி விலக்கிய சொற்கள் எத்தனை? இதனையே இன்று உங்கள் முன் வினவ வந்தோம்.

எமது வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். அதில் தவறிழைத்தவர் யாமே. சில ஆண்டுகட்கு முன் ஒன்பதாம் வகுப்பிற் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தோம். ஒரே விதியை மூன்றுமுறை விளக்கியும் மாணவர் விடை கூறினாரில்லை. சினங்கொண்டு, 'உங்களுக்குச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு' என்றோம். ஆசிரியர் வாயில் இப்பழமொழி வாராத நாள் அரிது. முதல் வரிசையிற் காதுக்கருவி அணிந்த மாணவன் ஒருவன் அமர்ந்திருந்தான். வகுப்பு முழுதும் அவனைத் திரும்பி நோக்கிச் சிரித்தது. அவன் அழவில்லை. பாடம் முடிந்தபின் எம்மிடம் வந்து, 'ஐயா, எனக்குச் சங்கு ஊதினால் கேட்கும். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசும்போதுதான் கேட்பதில்லை' என்றான்.

இருபது ஆண்டு இலக்கணம் கற்பித்தும் எமக்குத் தோன்றாத ஒன்றை அச்சிறுவன் கற்பித்தான். செவிப்புலன் குறை அவனுடையது. ஆயின் அவன் கேளாமைக்குக் காரணம் எம் முதுகு. அன்றுமுதல் மாணவரை நோக்கி நின்றே பேசுகிறோம். அப்பழமொழியையும் விட்டொழித்தோம். குருடு, செவிடு, நொண்டி, மொண்டி என்பன ஒருகாலத்திற் குறையைச் சுட்டிய சொற்களே எனினும், இன்று வசைக்கே மிகுதியும் பயன்படுகின்றன. 2010-ஆம் ஆண்டிற் கலைஞர் கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது தமிழ்நாட்டரசு 'ஊனமுற்றோர்' என்பதை நீக்கி 'மாற்றுத் திறனாளிகள்' என வழங்கச் செய்தது. அத்தகையோரைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். சட்டத்திற்கு அஞ்சி விலக்குவதும் ஓர் அச்சமே. அச்சம் இன்றியே விலக்குவது தகுதி.

இனித் தாலிக்கு வருவோம்.

சரடு இற்றால் 'பெருகிற்று' என்கிறோம். கணவனை இழந்தவளை என்னென்று சொல்லுகிறோம்? அச்சொற்களை நம் தாய்மார் முன்னிலையில் அடுக்கிக்கூற எமக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் கூறாது முடியாது. ஏனெனில் அஃது எம் வாழ்வில் நிகழ்ந்தது. எமக்கு ஒன்பது வயதாகும்போது எம் தந்தையார் காலமானார். அன்னையார் தையல் தைத்து எம்மையும் தங்கையையும் வளர்த்தார். பதினோராம் வயதிற் பள்ளித்தேர்வில் முதன்மை பெற்றோமென்று, இதுபோன்றதொரு மேடையில் எமக்குப் பரிசளித்தனர். பட்டியலைப் படித்த பெரியவர் எம்மை அன்போடு தோளில் அணைத்து, 'அறுதலி பெற்ற பிள்ளைதான். ஆனாலும் எல்லாரையும் முந்திவிட்டான், கை தட்டுங்கள்' என்றார். அவையோர் கைதட்டினர். எம் அன்னையார் பின்வரிசைத் தூணருகே நின்றிருந்தார். யாம் பரிசுப் புத்தகத்துடன் இறங்கி வந்து பார்க்கும்போது அங்கே அவரைக் காணவில்லை. வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வாயிற்படியில் வந்து, 'புத்தகத்தை நனையாம வச்சுக்கோ' என்று மட்டும் கூறினார். அதன்பின் எந்தப் பரிசளிப்பு விழாவிற்கும் அவர் வந்ததில்லை.

அப்பெரியவர் தீயவரல்லர். பின்னாளில் யாம் தமிழ் பயிலக் கல்லூரிச் சம்பளம் கட்டியவரும் அவரே. அவர் துஞ்சியபோது யாம் மகன்போல் நின்று அழுதோம். பாம்பு என்று இரவிற் சொல்லத் துணியாத நாவினர் அவர். விளக்கை அணை என்று வாழ்நாளிற் கூறியறியாதவர். அவர் கற்ற மங்கலம் கயிற்றுக்கு இருந்தது, கயிற்றை இழந்தவளுக்கு இல்லை, அவ்வளவே. குறை அவர் ஒருவருடையது அன்று. நம் அனைவருடையதும் ஆகும்.

கைம்பெண் மறுமணம் செய்துகொள்ள 1856-ஆம் ஆண்டிலேயே சட்டம் இடந்தந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வசைச்சொல் மட்டும் மணமின்றி மாய்ந்தபாடில்லை. 'விதவை' என்னும் சொல்லிற்கூடப் பொட்டில்லை. 'கைம்பெண்' என்னும் சொல்லில் இரண்டு புள்ளி உண்டு என்று நயமாகச் சொல்வதுண்டு. நயம் நன்றே. ஆயினும் யாம் கேட்பது அதுவுமன்று. தையற்காரி என்றோ, ஆசிரியை என்றோ, இன்னாருடைய தாய் என்றோ, அவள் பெயராலேயோ அழைத்தற்குரிய ஒருத்தியை, அவள் இழந்ததைக்கொண்டு ஏன் அழைத்தல் வேண்டும்? மனைவியை இழந்த ஆடவனை அவ்வாறு அழைக்கக் காண்கிலேமே!

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். 'பெயரை மாற்றினால் போதுமா? புதுப்பெயரும் நாளடைவில் இழிந்துவிடாதோ?' என்பர் சிலர். மெய்யே. 'நாற்றம்' என்பது முன்னாளில் நறுமணத்தைக் குறித்தது. திருப்பாவையில் அது துளசியின் மணத்திற்கு வழங்கியுள்ளது. இன்றோ மூக்கைப் பொத்துகிறோம். 'மயிர்' என்னும் சொல்லைத் திருவள்ளுவனார் மானம் என்னும் அதிகாரத்தில் இருமுறை கூச்சமின்றி ஆண்டனர். அவ்வதிகாரத்தை யாம் வகுப்பில் நடத்துங்கால் மாணவர் வாய்பொத்திச் சிரிக்கின்றனர். சொல் இழிவது உண்மையே. பித்தளைப் பாத்திரமும் துலக்கத் துலக்கக் களிம்பேறத்தான் செய்கிறது. அதனால் துலக்காமல் விடுகிறோமா? புளியிட்டு மறுபடியும் துலக்குகிறோம். சொல்லும் அத்தகையதே. மனத்திலுள்ள இகழ்ச்சி சொல்லில் ஏறுகிறது. சொல்லைத் துலக்கும்போதெல்லாம் மனத்தையும் சிறிது துலக்கிக்கொள்ள வாய்ப்புண்டாகிறது.

மற்றொரு பக்கமும் உண்டு. விலக்கத்தகாத சொல்லை அச்சத்தால் விலக்கிக் கேடு தேடிக்கொள்வதும் நம்மிடையே உளது. புற்றுநோய் என்று வாயாற் சொல்ல அஞ்சி, 'அந்த நோய்' என்றும் 'கட்டி' என்றும் மறைத்துப் பேசுகிறோம். தன் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், வாய்மூடி வருந்தியிருந்தாரல்லர். உரக்கப் பேசிப் பொருள் திரட்டி, 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயின் பெயரைச் சொன்னால் நோய் வாராது. சொல்லாது காலந்தாழ்த்தினால் மருத்துவம் பயனின்றிப் போகவுங்கூடும். ஆகவே சொல்லை விலக்குவதற்கும் வழங்குவதற்கும் அளவுகோல் ஒன்றே. சொல்லுவோன் அச்சம் அன்று. கேட்போன் நலமே அவ்வளவுகோல்.

இறுதியாக, நம் சங்கத்திற்கே உரிய ஒரு செய்தி. நம் குலத்தாரையும் பிறர் ஓர் இழிபெயரால் அழைத்த காலம் உண்டு. அப்பெயரை யாம் இவ்வவையில் உரையோம். இடக்கரடக்கல் இதுவுமாகும். நம் பாட்டன்மார் அப்பெயர் கேட்டுத் தலைகுனிந்ததனாலேயே சங்கம் கூட்டவும் விண்ணப்பம் விடுக்கவும் முற்பட்டனர். நாம் மட்டுமல்லோம். 1921-ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கம் தன் ஏடுகளில் நாடார் என்னும் பெயரை வழங்க இசைந்ததும், 1922-இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றதும், அவ்வம்மக்கள் நெடுங்காலம் முறையிட்டதன் பயனேயாகும். பெயரின் வலி யாது என்பதை அறியாதார்க்கு நாம் எடுத்துரைத்தோம். அறிந்த நாமே பிறர்க்கு அவ்வலியைத் தரலாமா?

நம் இல்லங்களில் வழங்கும் பழமொழிகளை எண்ணிப்பாருங்கள். சலவை செய்வார், முடி திருத்துவார், பறை முழக்குவார் ஆகியோர் பெயர்களை வசையாக்கி எத்தனை பழமொழிகள்! சினம் வந்தால் பிள்ளைகளைத் திட்ட எவர் குலப்பெயரை எடுக்கிறோம்! பட்டியற் சாதியாரையும் பழங்குடியாரையும் பலர் காண இழிவுபடுத்துதல் குற்றமென்று 1989-ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தாயிற்று. சட்டம் தெருவரை வரும், அடுக்களைக்குள் வாராது. அடுக்களையைக் காக்க வேண்டியவர் தாய்மாரே.

வசை வேண்டா, விளிக்கும் முறையொன்றே போதும் ஒருவரைத் தாழ்த்துவதற்கு. எழுபது வயதுப் பெரியவர் நம் வீட்டுக்குத் துணி கொண்டு வருகிறார். பத்து வயதுப் பேரன் அவரை, 'வாப்பா, உள்ளே வச்சிட்டுப் போ' என்கிறான். அவன் ஆசிரியராகிய எம்மை 'வாங்க' என்று அழைக்கிறான். யார் கற்பித்த இலக்கணம் இது? ஒருவரைப் பன்மையாற் கூறும் மரியாதை இலக்கணநெறிப்படி வந்ததன்று, உலகவழக்கில் எழுந்த உயர்சொல் என்று தொல்காப்பியனாரே கூறிப்போந்தார். வழக்கினால் வந்ததை வழக்கினால் விரிக்கலாம். 'ஆர்' விகுதி எவர் குலத்துச் சொத்துமன்று. துணி கொணரும் பெரியவர்க்கும் அதனை ஈந்தால் நம்மிடம் ஒன்றும் குறைந்துவிடாது.

உரையை முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். இன்று மாலை நம் பிள்ளைகளுக்குப் பரிசும் படிப்புதவித் தொகையும் வழங்கவிருக்கின்றனர். பட்டியலைச் செயலாளர் அவர்கள் எம்மிடம் காட்டினர். பெயர், பள்ளி, மதிப்பெண் ஆகியவற்றோடு 'குறிப்பு' என்றொரு பத்தியும் அதிலுளது. தந்தையில்லாதவர், மிக்க வறியவர், காது கேளாதவர் என அதில் எழுதியுள்ளனர். உதவி யாருக்கு மிகத் தேவை என்று குழுவினர் அறிய அக்குறிப்பு வேண்டுவதே. ஆயின் மேடையிற் படிக்க அது வேண்டுவதன்று. நம் மாத வெளியீட்டில் அச்சிடவும் வேண்டுவதன்று. பிள்ளையின் பெயரையும், பெற்ற தாய் அல்லது தந்தையின் பெயரையும், மதிப்பெண்ணையும் மட்டும் படிக்குமாறு தலைவர் அவர்களை வணங்கி வேண்டுகிறோம். உதவி கொடுக்கும் கை, வாங்கும் கையைச் சுட்டிக்காட்ட வேண்டா.

பின்வரிசைத் தூணருகில் இன்றும் சில தாய்மார் நின்றுகொண்டிருக்கக் காண்கிறோம். முன்னே இருக்கைகள் பல உள. அவர்கள் முன்வந்து அமர்ந்து, தம் மக்கள் பரிசு பெறுவதைக் கண்ணாரக் காண்பார்களாக.

யாம் போய் வருகிறோம்.